பட்டன் போனுக்கு ஒரு நம்பர்

“அட்டையே வேணாம், நம்பர் காத்துலயே வந்து எறங்கிரும்னு நீங்கதான தம்பி சொன்னீங்க?”

“சொன்னேன்க்கா. பழைய அட்டை செத்துப்போயிரும்னும் சொன்னேன். நீங்க புதுப் போனைப் பாத்து சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க.”

சகாயமேரிக்கு அது நினைவில்லை. சிங்கப்பூரிலிருந்து அவள் அண்ணன் அனுப்பிய போனில் சிம் போட இடமே இல்லை. அதனால் நான்கு நாட்களுக்கு முன், மீமிசல் கடைவீதியில் ஆத்மநாதனின் செல்போன் கடைக்கு வந்து, கணவன் ஜஸ்டினின் எண்ணை அட்டையில்லாத இ-சிம்மாக மாற்றிக்கொண்டு போனாள்.

உப்புத்தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று மறுநாள் ஜஸ்டின் புதுப் போனைக் கடலுக்கு எடுத்துப் போகவில்லை. எப்போதும்போல், பழைய அட்டை கிடந்த பட்டன் போனைப் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகினான். “ரெண்டுலயும் மணி அடிக்கும், போயிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். அவனுடைய வள்ளம் இன்னும் திரும்பவில்லை. தேடிப்போன படகுகள் அவனைக் காணாமல் வந்துவிட்டன. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவனைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் வீட்டுப் பீரோவின் மேல் புதுப் போன் அடித்தது.

அதை இப்போது கண்ணாடி மேசையில் வைத்தாள்.

“எஞ்சின் நின்னு எங்கிட்டாச்சும் கெடந்தா, அவுக இந்நேரம் பக்கத்து வீட்டுக்கு அடிச்சுக்கிட்டேதான் இருப்பாக.”

ஆத்மநாதன் போனைத் தொடவில்லை.

“இதுக்கு எறக்குன மாதிரியே, இந்த நம்பரை இங்கிட்டிருந்தே அவுக கையில இருக்குற பட்டன் போனுக்கு அனுப்பிவிடுங்க தம்பி.”