ஈரப் படிகள்

வினிகர் போதும், இந்த வீட்டுக்காரர்களின் பயத்துக்கு வினிகரே அதிகம், வாளியில் இரண்டு மூடி ஊற்றினால் மூக்கைத் துளைக்கும், மூக்கைத் துளைப்பதெல்லாம் கிருமியைக் கொல்லும் என்று நம்புகிறவர்கள் இவர்கள். வாடை வராவிட்டால்தான் கதவு திறக்கும், ஃபிங்க் அம்மா, மருந்து போட்டுத்தானே துடைக்கிறீங்க, என்று ஒரு குரல் வரும், போட்டுத்தான் என்பேன். ஒரு வருடமாக இப்படித்தான், ஒருவரும் சாகவில்லை, சாகாததற்கு மருந்துதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், நினைக்கட்டும். இன்று சனிக்கிழமை, என்னுடைய துப்புரவு வாரத்தின் கடைசி நாள், மூன்றாம் மாடியிலிருந்து தெருக்கதவு வரை படிகள் என் பொறுப்பு, இந்த வாரம் யார் முறை என்று காட்டும் அறிவிப்புப் பலகை இன்னும் என் கதவுக் கைப்பிடியில்தான் தொங்குகிறது, உறைபனிப் பெட்டியில் இறைச்சி போட்டு வைக்கும் பைக்குள்ளே. ஆமாம், பைக்குள்ளே... ஒரு மரப்பலகை, முப்பது வருடமாக வீடு வீடாகக் கை மாறி வந்தது, அதற்கும் இப்போது முகக்கவசம். பலகையைத் தொட்டால் நோய் வரும் என்று சொன்னது தரைத்தளத்து நேகெலே அம்மாள், ஸ்டுட்கார்ட் நகரத்தில் இவ்வளவு படிப்பு, இவ்வளவு தொழிற்சாலை, கடைசியில் ஒரு பலகைக்கு நெகிழிப் பை. துணியைப் பிழியக் கூடாது, இன்று பிழியவே கூடாது. தண்ணீர் படியில் நிற்க வேண்டும், கருங்கல் ஏப்ரல் மாதத்தில் சீக்கிரம் காயாது, என் தங்கை மெக்தில்ட் ரயிலிலிருந்து இறங்கி நடந்து வந்து சேரும் வரை நின்றால் போதும்.

ஏனென்றால் இந்த வீட்டில் எதை மீறினாலும் ஈரப் படியை மட்டும் யாரும் மிதிக்க மாட்டார்கள். அடுப்பில் பால் பொங்கட்டும், தபால்காரன் கீழே நின்று கத்தட்டும், படி காய்கிற வரை கதவுக்குப் பின்னால் காத்திருப்பார்கள், சின்ன வயதில் அடி வாங்கிக் கற்றது அது, எலும்பில் இறங்கிவிட்டது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆக, ஈரம் இருக்கும்வரை படிக்கட்டு என்னுடையது, ஒரு முகமும் வெளியே வராது, என் தங்கை ஒரு பேச்சும் கேட்காமல் மேலே வந்து உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பாள், பின்னல் ரொட்டியைப் பிய்த்துத் தின்பாள். அவ்வளவுதான் கேட்கிறேன். சட்டமே அனுமதித்திருக்கிறது, ஒரு வீட்டுக்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வரலாம், அவள் ஓர் ஆள்தான், பிப்ரவரியிலிருந்து அவள் ஓர் ஆள்தான். அவள் கணவன் ஆல்பிரெக்ட்டைப் புதைத்தபோது கல்லறையில் நாங்கள் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் நின்றோம், பாதிரியார் அவசரமாகப் படித்தார், முடிந்ததும் ஆளாளுக்கு அவரவர் காருக்குப் போனார்கள். சாவு வீட்டுக் காப்பி இல்லை, ரொட்டி இல்லை, செத்தவனைப் பற்றி ஒரு கேலிக் கதை சொல்லிச் சிரிக்க ஒரு மேசை இல்லை. அவன் இதயம் நின்று செத்தான், நோயில் இல்லை, அதையும் சிலர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள், கைகுலுக்காமலே.

இரண்டாம் மாடி. ஹென்னிங் தம்பதியின் பெட்டிகள், இதோ, வழக்கம் போல என் வழியில், கடையிலிருந்து வந்த எதையும் அவர்கள் உடனே உள்ளே எடுப்பதில்லை, கிருமி களைத்துப்போய்ச் செத்துவிடும்வரை வெளியில் ஆறப்போடுவார்கள், எலுமிச்சையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள், அவளே சொன்னாள், பெருமையாக. போன வருடம் இதே மாதம் இவர்கள் மாடி முகப்பில் நின்று செவிலியருக்காகக் கைதட்டினார்கள், தினமும் மாலையில், அவன் ஒரு பாத்திரத்தைக் கூடத் தட்டினான். மேல்தளத்து அறையில் அப்போது எலிஃப் குடியிருந்தாள், செவிலி, இரவு வேலை முடித்து விடிந்தபின் கண்கள் சிவந்து வருவாள், அவளிடம் இதே ஹென்னிங் பெண், தப்பா நினைக்காதீங்க, கைப்பிடியைத் தொடாம ஏற முடியுமா, என்று கேட்டாள். தப்பா நினைக்காதீங்க. எலிஃப் தொடாமல்தான் ஏறினாள், கோடையில் அறையைக் காலி செய்துவிட்டுப் போனாள், அதற்குப் பிறகும் மாலையில் கைதட்டல் கேட்டது... யாருக்காகத் தட்டினார்கள்? பெட்டிகளைக் காலால் நகர்த்துகிறேன். ஒன்றின் அடியில் தண்ணீர் புகுகிறது, புகட்டும், அட்டை ஊறட்டும், உள்ளே இருப்பது மாவாக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே காலடிச் சத்தம், கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு யாரோ நிற்பது எனக்குத் தெரிகிறது, பயந்தவர்களின் மூச்சுக்கு ஓர் ஓசை உண்டு.

முதல் மாடியில் ஷ்மீடர், வரி அலுவலகத்தில் ஆயுள் முழுவதையும் கழித்தவர், ஓய்வுக்குப் பின் வேலை இல்லாமல் வாடியிருந்த மனிதர், நோய் வந்து அவருக்கு உயிர் கொடுத்தது. பூங்காவின் பெஞ்சில் மூன்று பையன்கள் உட்கார்ந்தால் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி, எதிர் வீட்டில் பிறந்தநாள் மெழுகுவத்தி தெரிந்தால் தொலைபேசி, என் கதவுக்கு வெளியில் கிடக்கும் செருப்புகளைக்கூட மனதில் குறித்து வைத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். நான் அவர் வாசலை எட்டுவதற்குள் சங்கிலியின் அளவுக்குக் கதவு திறக்கிறது, முகக்கவசம் மூக்குக்குக் கீழே.

“ஃபிங்க் அம்மா, தண்ணி ரொம்ப விடறீங்க.”

“காயும்.”

“எப்ப காயும்? நான் ரொட்டி வாங்கப் போகணும்.”

“காஞ்சப்பறம் போங்க. ரொட்டி எங்கேயும் ஓடிப்போகாது.”

“இன்னைக்கு உங்க வீட்டுக்கு ஆள் வருதோ?”

“என் தங்கச்சி வரா.”

“போன தடவை இருமினாங்களே, அவங்களா?”

“அவளேதான். பிர்ச் மரம் பூத்தா அவ இருமுவா, சின்ன வயசுலேர்ந்து.”

“மரத்து மேல பழி போடறது சுலபம்” என்றார், வரி கட்டாதவனிடம் பேசுகிற அதே குரலில், படியின் ஈரத்தை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்தார், கால் விரல்கூட வெளியே வரவில்லை, கதவு சாத்திக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதர் போருக்குப் போகாமல் போனது நாட்டுக்கு நல்லது, ஈரப் புல்லைக் கண்டால் படை நின்றிருக்கும்.

போன தடவை... போன தடவை நான் மேலேயே இருந்துவிட்டேன், அதுதான் செய்த பிசகு. மெக்தில்ட் மணி அடித்தாள், நான் பொத்தானை அழுத்தித் தெருக்கதவைத் திறந்துவிட்டேன், காப்பியை இறக்கி வைத்தேன், கோப்பைகளை எடுத்து வைத்தேன், அவள் வரவில்லை. நின்று நின்று ஏறுகிறாள் என்று நினைத்தேன், துக்கத்துக்குப் பின் அவள் முழங்கால் சரியில்லை. கீழே போய்ப் பார்த்தால் ஆளே இல்லை. சாயங்காலம் அவளே தொலைபேசியில் சொன்னாள், தரைத்தளத்திலேயே இருமல் வந்ததாம், நேகெலே அம்மாள் கதவைத் திறந்து, இருமறவங்க வீட்டோட இருக்கணும், எங்களுக்கும் உயிர் வெல்லம்தான், என்றாளாம், அவ்வளவுதான், இவள் திரும்பி ரயிலேறிவிட்டாள். ஏன்டி மேல வரல, அவ யாரு உன்னைச் சொல்ல, என்று கத்தினேன். அவள் நிதானமாக, என்னைப் பாத்தா எல்லாரும் பின்னாடி போறாங்கடி, கடையில, ரயில்ல, மருந்துக்கடையிலகூட, எனக்கு அலுத்துப்போச்சு, ஆல்பிரெக்ட் இருந்தப்ப ஒருத்தராவது பக்கத்துல நின்னாங்க, என்றாள். ஒரு வாரம் கெஞ்சினேன். கடைசியில், நீ கீழ வந்து கதவுகிட்ட நிப்பேன்னா வரேன், இன்னொரு தடவை யாராவது மூஞ்சியைச் சுளிச்சா நான் திரும்பிப் போயிடுவேன், அப்பறம் கூப்பிடாத, என்றாள். அப்பறம் கூப்பிடாத என்றால் கூப்பிடாத என்றுதான் அர்த்தம், அவளை எனக்குத் தெரியும், அப்பா இறந்த வருடம் பெரிய மாமாவுடன் பேச்சை நிறுத்தினாள், அவர் சாகும்வரை பேசவில்லை.

கைப்பிடியையும் துடைக்கிறேன், இவர்களுக்காக இல்லை, அவள் கை படும் என்பதற்காக. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடித்தளத்து அறையில் சில நாள் தனியாகப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், புத்தகங்களுக்குச் சிறைவாசம், சமையல் குறிப்பும் கொலைக் கதையும் ஒரே வண்டியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. கையுறை போட்டுக்கொண்டுதான் தள்ளிக்கொண்டு போகிறேன், சொன்னபடி செய்கிறேன், சம்பளம் தருகிறார்கள், சிரித்துக்கொண்டே செய்கிறேன். சிரித்துக்கொண்டு செய்வது வேறு, நடுங்கிக்கொண்டு செய்வது வேறு. வேறுதானே? இவர்கள் ஒவ்வொருவரும் தன் உயிரை இவ்வளவு விலைமதிப்புள்ள பொருளாக நினைத்துப் பொத்தி வைத்துக்கொள்வதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது, அப்படி என்ன இருக்கிறது அந்த உயிர்களில், தொலைக்காட்சி, உருளைக்கிழங்கு சாலட், அடுத்த வீட்டுக்காரனின் குப்பைத் தொட்டியில் தாள் போடும் இடத்தில் தகரம் கிடக்கிறதா என்ற விசாரணை. பயப்படுவதுகூடப் பரவாயில்லை, மனிதன் பயப்படுவான், ஆனால் பயந்தவன் ஏன் உடனே நீதிபதி ஆகிவிடுகிறான், நடுங்கும் கையில் எப்படி அவ்வளவு சுலபமாகச் சுத்தியல் வந்து உட்கார்ந்துவிடுகிறது...

தரைத்தளம். நேகெலே அம்மாளின் கதவு, பித்தளை விளிம்பு போட்ட பார்வைத் துளை, துளைக்குப் பின்னால் வெளிச்சம் மறைவதும் தெரிவதுமாக இருக்கிறது, ஆள் நிற்கிறாள். வழக்கமாக நாற்காலி போட்டே உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குச் சந்தேகம். கடைசிப் படியையும் கூடத்துத் தரையையும் தாராளமாக நனைத்தேன், அவள் வாசல் மிதியடி வரைக்கும், ஒரு சின்னக் குளம். இப்போது வா பார்க்கலாம் வெளியே. வாளியை முதல் படியில் சுவரோரம் வைத்தேன். கிளம்பும்போது என் கதவிலிருந்து பலகையையும் பையோடு எடுத்து வந்திருந்தேன், இப்போது அது கையில் இருந்தது, அடுத்த வாரம் நேகெலே அம்மாளுடையது, அவள் கைப்பிடியில் மாட்ட வேண்டும், பையிலிருந்து வெறும் பலகையை உருவி மாட்டினால் என்ன செய்வாள், இடுக்கியால் எடுப்பாளா... அதை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது, தெருவில் பிர்ச் மரம் முழுக்கப் பூத்திருக்கிறது, காற்றில் மஞ்சள் தூள், அவள் கறுப்பு மேலங்கியின் தோளிலும் மஞ்சள். அந்த மேலங்கி அவளுக்கு இப்போது பெரியது, உள்ளே யாரோ ஒரு சிறுமி ஒளிந்து நிற்பது போல. கண்கள் மட்டும் தெரிந்தன, சிரித்தன, வந்துட்டேன்டி, என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்தது, அடிவயிற்றிலிருந்து, குனிந்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரிந்த அதே இருமல், ஒரே அறையில் படுத்து எத்தனை ஏப்ரல் மாதம் கேட்டிருக்கிறேன்...

என் குதிகால் வாளியில் இடித்தது. தண்ணீர் சளக் என்றது. அப்போதுதான் தெரிந்தது நான் முதல் படியின் மேல் நிற்கிறேன் என்று, எப்போது ஏறினேன், பலகையை நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், மூச்சு விடவில்லை.

மெக்தில்ட் நிமிர்ந்தாள். பார்த்தாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன், கை இன்னும் கதவிலேயே இருந்தது. பிறகு அவள் கீழே தரையைப் பார்த்து, “ஈரமா இருக்கா?” என்றாள்.

“ஆமா” என்றேன். “இப்பதான் துடைச்சேன். வழுக்கும், பாத்து வா.”

“அதான் தள்ளி நிக்கறியா” என்றாள், மெதுவாக, கேள்வியாகவும் இல்லாமல்.

நேகெலே அம்மாளின் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, தடித்த மரத்தைத் தாண்டியும் அதில் இருந்த கனிவு கேட்டது. “அப்படித்தான் நிக்கணும், ஃபிங்க் அம்மா. உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. சொந்தத் தங்கச்சின்னாலும் தூரம் தூரம்தான்.”

ஒரு வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. வாடி என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் ஏறினேன். பின்னால் அவள் காலணி ஈரத்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம், வருகிறாள், திரும்பிப் போகவில்லை, வருகிறாள். ஷ்மீடர் கதவு திறக்கவில்லை. ஹென்னிங் கதவு திறக்கவில்லை. எல்லாம் நான் திட்டமிட்டபடியே. இரண்டாம் மாடியில் அவளுக்காக நின்றேன், அவளும் நின்றாள், ஐந்தாறு படி கீழே. முழங்கால் வலியா என்றேன், இல்லை என்றாள். நான் ஏறினால் ஏறினாள், நான் நின்றால் நின்றாள், நடுவில் அந்த ஐந்தாறு படி குறையவே இல்லை, அதை வைத்துக்கொண்டு வந்தது அவளா நானா...

மேலே வீடெல்லாம் ரொட்டி வாசம். கதவை அகலத் திறந்து உள்ளே போய் மேசையருகில் திரும்பினேன், அவள் வாசலுக்கு வெளியே மிதியடியில் நின்றுகொண்டிருந்தாள், இருமலை உள்ளேயே அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் கட்டியிருந்தது. வீட்டுக் கதவைத் தட்டாமல், காலணியைக்கூடக் கழற்றாமல் நுழைந்து நேராகச் சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறக்கிறவள், அறுபது வருடமாக.

“உள்ள வரலாமா?” என்று கேட்டாள்.

பலகை இன்னும் என் கையில் இருந்தது, பைக்குள், மாட்ட மறந்திருந்தேன்.