நெஞ்சு வலிக்காத மனுஷன்

பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டு ஒருத்தி படும் பாட்டை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? சொர்ணம்மாளின் புருஷன் வெயிலுமுத்து தாராவியில் தோல் பை தைப்பவர். ரயிலில் செக்கர் கேட்கும் முன்பே, "என் பாஸ் நேத்தே முடிஞ்சிட்டு" என்று எழுந்து நின்று அபராதம் கட்டியவர். மகளைப் பெண்பார்க்க வந்தவர்களிடம், "பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரியாது" என்று வலியப் போய்ச் சொன்னவர். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரியிலுமா?

காலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை தொப்பலாக வேர்த்தது. மூச்சு வாங்கியது. பதினெட்டு வருஷச் சர்க்கரை. போன மாசம்தான் மாட்டுங்கா டாக்டர் பத்மஜா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "சக்கரை இவரோட இருதய நரம்பைக் கெடுத்துடுத்து. அட்டாக்கே வந்தாலும் வலி தெரியாம போகலாம். திடீர்னு வேர்த்தா, மூச்சு வாங்கினா ஓடி வந்துடுங்கோ. வலிக்கட்டும்னு காத்துண்டிருக்காதேள்."

டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால், கவுண்டர் நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே, "சீனே மே தர்த் ஹை?" நெஞ்சு வலிக்கிறதா என்று.

"பஹுத் தர்த் ஹை!" ரொம்ப வலிக்கிறது என்று முந்திக்கொண்டாள் சொர்ணம்மாள்.

"நஹி மேடம், யே ஜூட் போல்தி ஹை" என்று பெண்டாட்டி பொய் சொல்வதை அங்கேயே போட்டுக்கொடுத்தார் வெயிலுமுத்து.

சர்க்கரை, நரம்பு என்று அரைகுறை ஹிந்தியில் அவள் மன்றாடியதை நர்ஸ் காதில் வாங்கவில்லை. நாற்பத்தாறாம் நம்பர் சீட்டைக் கையில் கொடுத்தாள். உள்ளே போயிருந்தது பத்தொன்பது.

"வலிக்குன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துருமா?" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்ததும்.

"வலிக்காதத எப்டிட்டி வலிக்குன்னு சொல்ல? இங்க நெசமாவே வலியோட எத்தன பேரு உக்காந்திருக்கான்!"

"ஐயா நியாயஸ்தரே! வலி தெரியாததுதான் உங்க சீக்கே. மண்டையில ஏறுதா இல்லியா?"

"வலிச்சா சொல்ல மாட்டனா?"

இந்த மனுஷன் தலையைச் சுவரில் முட்டுவதா, தன் தலையை முட்டிக்கொள்வதா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆத்திரம் முட்டிமுட்டிக் கடைசியில் அழுகையாக உடைந்தது. "உங்க உண்மைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நீங்க போயிட்டா நான் யாரோட சண்ட போடுவேன்?" முப்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் அழாதவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

வெயிலுமுத்து அவளையே பார்த்தார். பிறகு தூணைப் பிடித்து எழுந்தார். தடுமாறிக் கவுண்டருக்குப் போய், வலது மார்பில் கையை வைத்துக்கொண்டு, "தர்த் ஹை" என்றார். பாவி மனுஷன், பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கே ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது. ஈ.சி.ஜி. தாள் முழுதாக வெளியே வருவதற்குள் டாக்டர் கத்தத் தொடங்கிவிட்டார். பெரிய அட்டாக், இப்போதே உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிச் சொர்ணம்மாளிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

"ஏட்டி, நெசமாவே வலிக்கலியே" என்றார் வெயிலுமுத்து.

"தெரியும். சும்மா கெடங்க."

கதவருகே அவர் அவள் கையை விடவில்லை. நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "எனக்கு ஒண்ணும் பயமில்லட்டி. நீ போய்ச் சாப்புடு" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்ன இரண்டாவது பொய் அது. அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.