பதினைந்து அங்குலத்துக்குள்

மாஸ்டருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான். அளவெடுத்தது, இன்னும் அளவெடுக்காதது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேஜைக்கு அவர்தான் ராஜா. இருபத்திரண்டு வருடமாகக் கழுத்தில் டேப் தொங்குகிறது. வீட்டுக்கு வந்தாலும் கழற்ற மாட்டார். தூங்கும்போதாவது கழற்றுகிறாரே என்று அவர் மனைவி மனதைத் தேற்றிக்கொள்வாள்.

அவர்கள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் நாய்களுக்கு விதி எழுதியவரும் அவர்தான். தரையிலிருந்து தோள்பட்டை வரை பதினைந்து அங்குலத்தைத் தாண்டும் நாய் இங்கே இருக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதென்ன பதினைந்து என்று யாரோ கேட்டதற்கு, எங்கேயாவது ஓர் இடத்தில் வெட்டித்தானே ஆகவேண்டும் என்றார். மேல்வீட்டு டிரைவிங் வாத்தியாரின் கிழட்டு நாயைக் குறிவைத்து வந்த தீர்மானம் அது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த நாய் படிக்கட்டில் ஒரு நாள் பாசம் பொங்கி மாஸ்டரின் புதுப் பேன்ட்டில் காலைத் தூக்கி வைத்துவிட்டது. அவ்வளவுதான் அது செய்த குற்றம். தீர்மானம் நிறைவேறியதும் மாஸ்டரே போய் அளந்தார். இருபத்து மூன்று அங்குலம். அந்த ஞாயிற்றுக்கிழமையே வாத்தியார் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் தூரத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டு, வெறும் சங்கிலியோடு படியேறி வந்தார். மாஸ்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

அந்தக் கிழட்டு நாயோடு சாயங்காலம் தவறாமல் விளையாடியவள் மாஸ்டரின் மகள். வயது பத்து, வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. நாய் போன நாளிலிருந்து அப்பாவோடு ‘டூ’ விட்டுவிட்டாள். தொழிற்சாலையில் நாற்பது பேரை ஒரு பார்வையில் அடக்கும் மனிதரால் அந்தப் பொடிசின் மௌனத்தைத் தாங்க முடியவில்லை. மூன்றாவது வாரம் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே மினியேச்சர் ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்குமே, ஓநாய் முகமும் நீலக் கண்ணுமாக, அந்த இனத்திலேயே குள்ள வகை. என்னதான் வளர்ந்தாலும் பதினாலு அங்குலத்தைத் தாண்டாது என்று விற்றவர் சத்தியம் செய்திருந்தார். விதியும் நிற்கும், நாயும் நிற்கும், மகளும் பேசுவாள். ஒரே வெட்டில் மூன்று உருப்படி எடுத்த மிதப்பில் மாஸ்டரே அதற்குக் குட்டி என்று பெயரும் வைத்தார்.

ஒரே வாரத்தில் குட்டி வீட்டைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டது. குரைக்கத் தெரியாது, ஏதாவது குறையென்றால் தலையைத் தூக்கி ஊளையிலேயே ஒரு வழக்குப் பேசும். குளிர்ந்த தரையைத் தேடிக் குளியலறையில் போய்ப் படுத்துக்கொண்டு, யார் அவசரத்துக்கும் எழுந்து வழிவிடாது. சோபா, தலையணை, மாஸ்டரின் கறுப்புச் சட்டை எங்கும் அதன் வெள்ளை முடி. மாஸ்டர் அதையும் பொறுத்துக்கொண்டார். பாப்பா பேச ஆரம்பித்திருந்தாள் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை தோறும் குட்டியைச் சமையலறைக் கதவுநிலையோடு ஒட்டி நிறுத்துவார்கள். பாப்பா கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, மாஸ்டர் டேப்பை வைத்துப் பென்சிலால் கோடு போடுவார்.

ஐந்தாம் மாதக் கோடு பதின்மூன்று. ஏழாம் மாதம் பதினாலே முக்கால். மாஸ்டர் உடனே விற்றவருக்குப் போன் போட்டார். “சாப்பாட்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக் குடுங்க சார், அடங்கிடும்” என்றார் அந்தப் புண்ணியவான். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

மாஸ்டர் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துணி நீண்டுவிட்டால் தூக்கியா எறிகிறோம், மடித்துத் தைக்கிறோம் இல்லையா. வேளைக்கு ஒரு கப்பாக இருந்த தீனி அரைக் கப் ஆயிற்று, பிறகு கால் கப். தட்டில் போடுகிற கை மனைவியுடையது. வளர்கிற ஜீவன், பாவம் என்று அவள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

“இங்க பாரு, பதினஞ்சைத் தாண்டினா இந்த வீட்டுல அதுக்கு இடமில்ல. பசியோட இருக்கட்டும், இல்லாமலே போகட்டும். உனக்கு எது வேணும்?” என்றார் மாஸ்டர். அவர் சத்தம் போடவில்லை. விலை சொல்வதுபோல் சொன்னார்.

அவளுக்கும் குட்டி வேண்டும். அதனால் கால் கப்பே போட்டாள். அந்த வீட்டில் அதன்மேல் ஆசை இல்லாதவர் ஒருவரும் கிடையாது. ஆசையாகத்தான் பட்டினி போட்டார்கள்.

அடர்த்தியான அந்த ரோமம் அவர்களுக்கு வசதியாகிவிட்டது. வெளியே கூட்டிப்போனால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று கொஞ்சுவார்கள். பாப்பா ஒரு நாள் குளிப்பாட்டும்போதுதான் தண்ணீர் பட்டு முடியெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம்போல் இருந்தது. அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா பார்த்துவிட்டு, துண்டை எடுத்துப் போர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பாப்பா தன் தட்டிலிருந்து ரொட்டித் துண்டையும் அவித்த முட்டையையும் மேஜைக்கு அடியில் நீட்டத் தொடங்கினாள். நாலாவது நாள் மாஸ்டர் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை, பிள்ளையை அடிக்கிற ஆள் இல்லை அவர், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. நாய்க்குப் போனது உன் பங்கில் கழிந்தது, உனக்கு வேறு கிடையாது என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் நிறுத்திவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார். அவள் இரண்டு மாதம் நிறுத்தவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா இருவருக்கும் நடுவே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் பிறகு ஒன்பதாம் மாதக் கோடு பதினைந்தரை. நாய் இளைத்ததே தவிரக் குட்டையாகவில்லை. தன் சொல்லை மீறி அது வளர்ந்துவிட்டதுபோல் மாஸ்டருக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் அதற்குத் தட்டே வைக்க வேண்டாம் என்றார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. தினமும் சாயங்காலம் டேப் வரும். பதினைந்துக்கு மேலே போனால் சாப்பாடு இல்லை.

கெட்டிக்கார இனம் அது, பத்து நாளில் பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் டேப்பைக் கண்டதும் நாலு காலையும் மடக்கித் தோளைக் கீழே இறக்கிக்கொண்டு நின்றது. பதினாலே முக்கால். பட்டையைப் பிடித்திருந்த பாப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் ஆட்களை நிமிர்த்தி நிறுத்தி அளவெடுத்தவருக்கு, நிற்பது எது பதுங்குவது எது என்று தெரியாதா. எல்லாம் தெரிந்தது.

“குறைஞ்சிருக்கு. தட்டு வை” என்றார் மாஸ்டர்.

பாப்பா பட்டையிலிருந்து கையை எடுத்தாள். அவளும் பார்த்துக் கற்றுக்கொள்கிற வயதில்தான் இருந்தாள்.

எதிர்பார்த்த புகார் பத்தாம் மாதம் வந்தது. டிரைவிங் வாத்தியார் எழுத்தில் கொடுத்திருந்தார். சங்கச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நோட்டும் தன் சொந்த டேப்புமாக வந்தார், பின்னாலேயே வாத்தியார். மாஸ்டர் அவர்களை உட்காரச் சொல்லி உபசரித்தார். பயம் இல்லாததுபோல் காட்டிக்கொண்டார், உள்ளே பயம்தான். நாய் போனால் மகளின் பேச்சும் போகும். அதைவிட, தான் எழுதிய விதியிலேயே மாட்டி, வெறும் சங்கிலியோடு அதே படியில் ஏறி வரவேண்டும்.

செயலாளர் டேப்பை நீட்டினார். குட்டி மடங்கி இறங்கியது. பதினாலே முக்கால்.

“அது நிக்கவே இல்லையே சார், பயந்து பதுங்குது” என்றார் வாத்தியார்.

“அது நிக்கிறதே அப்படித்தான்” என்றார் மாஸ்டர்.

வாத்தியார் முழங்காலிட்டுக் குட்டியின் முதுகில் கைவைத்தார். நிமிர்த்திவிடத்தான் வைத்தார். விரல்கள் ரோமத்துக்குள் போயின. போன இடத்திலேயே நின்றுவிட்டன. அப்புறம் பாப்பாவின் கழுத்தெலும்பைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

“புகாரை நான் திருப்பி வாங்கிக்கறேன் மாஸ்டர். எவ்வளவு உசரமா வேணும்னாலும் இருக்கட்டும். அதுக்குச் சாப்பாடு போடுங்க.”

தப்பிக்க வழி கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் இந்த ஆளிடம் பிச்சையா? மாஸ்டருக்கு முகம் கடுத்தது. “நீங்க யாருக்கும் விட்டுத்தர வேண்டாம். விதிப்படி அளந்தாச்சு. எழுதிக்குங்க சார்” என்றார் செயலாளரிடம். செயலாளர் எழுதினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து பதிய வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருப்பதையும் நினைவூட்டினார். அந்த வரியை எழுதியதும் மாஸ்டர்தான்.

ஜெயித்த சந்தோஷத்தில் அன்று ஒரு கப் முழுதாகப் போடச் சொன்னார். சுருங்கிப்போன வயிறு ஏற்றுக்கொள்ளாமல், குட்டி எல்லாவற்றையும் குளியலறையில் கக்கிவிட்டது. மறுநாளிலிருந்து பழைய கால் கப். அதற்குள் டேப் இல்லாத நேரத்திலும் அது நிமிர்வதை விட்டுவிட்டிருந்தது. வீட்டுக்குள் அடிவயிறு தரையில் உரச நடந்தது.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. பாப்பாவுக்குச் சீருடை வருடா வருடம் மாஸ்டர் கையால்தான் வெட்டுவார்; அந்தத் துணிக்கு மட்டும் தையலில் இரண்டு அங்குலம் கூடுதலாகப் பிடித்து வைப்பார், வளர்கிற பிள்ளை என்று. சாயங்காலம் விளக்குப் போட்டு, மகளைக் கூப்பிட்டு, கழுத்திலிருந்து டேப்பை உருவினார். மேஜைக்கு அடியில் இருந்த குட்டி நாலு காலையும் பரப்பித் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மகளின் தோளிலிருந்து பாதம் வரை டேப்பை விட்டார். போன வருடத்து அளவைவிட ஓர் அங்குலம் குறைந்திருந்தது. தப்பாக வைத்துவிட்டோமோ என்று மறுபடி வைத்தார். அதே அளவு.

“நேரா நில்லு பாப்பா.”

“நேராத்தான்பா நிக்கிறேன்.”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். பாவாடைக்குள்ளே அவளுடைய இரண்டு முழங்காலும் மடங்கியிருந்தன. வெகுநேரம் தாங்க முடியாமல் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. டேப் அவர் கையிலிருந்து நழுவியது. பாப்பா அதைக் குனிந்து எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டு, மறுபடி அதேபோல் மடங்கி நின்றுகொண்டாள். அவள் கண் சமையலறைப் பக்கம் இருந்தது. அங்கே அம்மா கையில் கப்போடு நின்றிருந்தாள்.

“அளவு சரியா இருக்காப்பா? நாங்க ரெண்டு பேரும் சாப்பிடலாமா?”