மா மில்லுக்குப் போன என்வலப்புகள்

“இன்று செவ்வாய்க்கிழமைதானே? அந்த அக்காவுக்கு ஸ்கூல் இல்லையா?”

எட்டு வயதில் ராகவி இதை ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், தாய் கௌரி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஷிப்ட் முடியும்வரை அவள் காத்திருந்த நேரம் அது. கௌரியோடு வேலை செய்யும் சிசோமோ என்ற மலாவி நாட்டுப் பெண், தன் ஊரிலிருந்து அப்போதுதான் வந்த வீடியோவைப் போனில் காட்டிக்கொண்டிருந்தாள். தலையில் சோளச் சாக்கோடு ஒரு சிறுமி நடந்து போனாள். அவள் சிசோமோவின் அக்கா மகள். மா அரைக்கிற மில் பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அரைக்கப் போகிற நாளில் வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

சிசோமோ போனை மடியில் கவிழ்த்தாள்.

அந்தக் கேள்வி கௌரியை விடவில்லை. நாலு வருஷம், சனிக்கிழமை தோறும், இரண்டு பெண்களும் சான்ட்ரிங்ஹாமில் ஒரு மளிகைக்கடை வாசலில் மேசை போட்டு ரோல்ஸும் வடையும் விற்றார்கள். கடைக்காரர் மாரிசாமி இடத்துக்குக் காசு கேட்கவில்லை. “எண்ணெய் சிந்தாம பாத்துக்கங்கம்மா” என்றதோடு சரி. அந்தக் காசில் சிசோமோவின் ஊரிலேயே ஒரு மில் போட நாலு சுவரும் சீமெந்துத் தரையும் தகரக் கூரையும் எழும்பின. உள்ளே வைக்க மில் இயந்திரம் மட்டும் இல்லை. அதை விற்கிறவரோ, மாதக் கடைசிவரைதான் இந்த விலை என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ராகவி பெரியபிள்ளை ஆனாள்.

ஒக்லாந்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில், பெண்பிள்ளை வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்திய வீடு என்றால் மண்டபம், பல்லக்கு, மேடை, வீடியோ, கடைசியில் காசு வைத்த என்வலப். நாம் ஐம்பது டொலர் வைத்த வீடு நம் முறை வரும்போது அறுபது வைக்கும். கௌரி பதினைந்து வருஷமாக எல்லா வீட்டுக்கும் வைத்தவள். இப்போது அவள் முறை.

“பல்லக்கில் ஏறமாட்டேன்,” என்றாள் ராகவி.

“ஏற வேண்டாம்.” கௌரி அழைப்பிதழின் அடியில் ஒரு வரி சேர்த்து அச்சடித்தாள்: உங்கள் அன்பளிப்பு முழுவதும் மலாவியில் ஒரு கிராமத்து மா மில்லுக்குப் போய்ச் சேரும்.

மூன்றாம் நாள் ஆனந்தராசா அழைப்பிதழும் கையுமாக வந்தார். எந்த வீட்டு விசேஷத்திலும் வாசலில் இருந்து, என்வலப்பை வாங்கிக் கொப்பியில் பெயர் எழுதுகிறவர் அவர்தான்.

“தங்கச்சி, இதில ஒரு பிழை விட்டிட்டீர்.”

“அச்சுப் பிழையோ அண்ணை?”

“அச்சு வடிவாத்தான் இருக்கு. காசுதான் உம்மடயில்லை. நாளைக்கு நீர் திருப்பிச் செய்வீர் எண்டுதான் சனம் தருகுது. அதை எடுத்து ஆரெண்டே தெரியாத சனத்துக்குத் தர்மம் செய்யேலுமோ?”

“திருப்பிச் செய்வன். என்ர சம்பளத்தில. அகதி முகாமில நாங்கள் குடிச்ச பால்மாவை ஆர் அனுப்பினது அண்ணை? அவைக்கு எங்களை ஆரெண்டு தெரியுமோ?”

“எங்கட ஊரிலயும் பிள்ளையள் கஷ்டப்படுதுகள்.”

“ஓம். தையில நீங்களும் நானும் சேர்ந்துதானே அனுப்பினனாங்கள். வாற தையிலயும் அனுப்புவம். அதுக்காக இது நிக்காது.”

அவர் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பினார். “அப்ப நான் கொப்பி எழுத வரமாட்டன். நான் இல்லாட்டிச் சனம் என்வலப் வைக்காது. பாரும்.”

கதவு சாத்தியதும் கணவன் ரஜிதன் கேட்டான். “ஏனப்பா, இனிக் கொப்பி ஆர் எழுதுறது?”

“சிசோமோ.”

“அவவுக்கு எங்கட பேரெல்லாம் எழுத வருமோ?”

“ஒவ்வொரு நாளும் மருந்துப் பேரெல்லாம் எழுதுறாள். அதைவிடவோ எங்கட பேர் கஷ்டம்?”

விழா அன்று காலை பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றியபோது கௌரி மில் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் குரல் நடுங்காமல் இருந்தால் போதும் என்று கும்பிட்டாள்.

சிசோமோ கௌரியின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு மண்டப வாசல் மேசையில் கொப்பியை விரித்தபடி இருந்தாள். வந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் மேசைக்குக் கிட்டப் போகவில்லை. சட்டைப் பைக்குள் என்வலப்போடு சுவரோரம் ஒதுங்கி, வெயிலைப் பற்றிக் கதைத்தார்கள். ஆனந்தராசாவும் அவர்களோடு நின்றார். கௌரி நிமிர்ந்த தலையோடு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சிசோமோவின் விரல்கள் பேனாவைத் திறந்து திறந்து மூடின.

அப்போது உஷா உள்ளே வந்தாள். கிளென்ஃபீல்டில் ஒரு பேக்கரியில் வேலை செய்பவள். ஒரு விசேஷமும் தவறவிடாதவள். நேரே வந்து தன் என்வலப்பைச் சிசோமோவின் கையில் வைத்தாள்.

“ஏன் எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறியள்? திரும்பி வராது எண்டு பயமோ? எனக்குப் பிள்ளையுமில்லை, சாமத்தியமுமில்லை. இருபது வருஷமா வைச்சதில ஒண்டும் என்ர வீட்டுக்குத் திரும்பி வரேல்லை. நான் செத்தோ போனன்?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சுவரோரமிருந்து முதலில் அசைந்தவர் ஆனந்தராசாதான். என்வலப்பை வைத்தார், கொப்பியை எட்டிப் பார்த்தார். “வரி நேராத்தான் எழுதியிருக்கிறாள்,” என்றார். பிறகு கௌரி பக்கம் திரும்பி, “நீர் சொன்னதை மறக்காதையும்.”

“மறக்கமாட்டன் அண்ணை. ஒரு வீட்டையும் விடமாட்டன்.”

அவருக்குப் பின்னால் வரிசை நகர்ந்தது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முந்திக் காசு போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் சிசோமோவின் போனில் ஒரு குரல்பதிவு வந்தது. ஒரே இயந்திர இரைச்சல். அதற்கு மேலால் பெண்கள் கத்திக் கதைத்தார்கள். முதியோர் இல்லத்துச் சாப்பாட்டறையில் இரண்டு பேரும் அதை மூன்று தரம் கேட்டார்கள்.

கௌரி கிழமைக்கு ஒரு ஷிப்ட் கூடுதலாக எடுத்தாள். அழைப்பிதழ் வந்த வீடுகளுக்கெல்லாம் போய், வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டியே வைத்தாள். அழைப்பு இன்னும் வராத வீடுகளுக்கு நாள் வரும், காத்திருக்கலாம். உஷா வீட்டுக்கு அந்த நாள் வரப்போவதில்லை. எங்கள் வழக்கத்தில் அந்த வாசலுக்கு வழியே இல்லை. அன்புள்ள ஒருத்தர்தான் நடந்து போக வேண்டும்.

தன் கலியாணம், ராகவியின் முதலாம் பிறந்தநாள், இந்தச் சாமத்தியம் என்று உஷா வைத்த மூன்றையும் கௌரி ஞாபகத்திலிருந்து கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து, ஒரு வெள்ளை என்வலப்பில் போட்டு ஒட்டினாள். பெயர் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் கிளென்ஃபீல்டில் உஷாவின் வீட்டுக்குக் கார் ஓட்டினாள். உஷா பேக்கரிக்குப் போய் ஒரு மணித்தியாலமாகியிருக்கும். தூறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. தபால்பெட்டிக்குள் விளம்பரத் தாள்கள் ஊறிக் கிடந்தன. கௌரி அவற்றை வெளியே எடுத்து, பெட்டியின் உட்பக்கத்தைச் சால்வை நுனியால் துடைத்து, என்வலப்பை உள்ளே வைத்தாள். நனைந்த தாள்களைக் காரில் போட்டுக்கொண்டு துறைமுகப் பாலத்துப் பக்கம் திருப்பினாள். ஏழரைக்கு ஷிப்ட்.