வெட்டி எடுத்த மூச்சு

ராக் பாடகன் செத்துப் பதினான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், அவனுடைய மூச்சுகள் இருநூற்றுப் பதினொன்றும் ஒலிப்பதிவாளன் வீட்டுக்குக் குடிவந்தன. எண்ணிச் சொன்னது ஒலிப்பதிவாளனின் மனைவி. அவள் கணக்கு டீச்சர், அதனால் எண்ணிக்கையில் தப்பு இருக்க வாய்ப்பில்லை. வேகமான பாட்டுகளிலிருந்து வந்த குட்டி மூச்சுகள் சமையலறைப் பக்கம் ஒதுங்கி, அவள் அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் தீக்குச்சியை அணைத்தன. மெதுவான பாட்டுகளின் மூச்சுகள் கொஞ்சம் சோம்பேறிகள். மாடிப்படியில் படிக்கு ஒன்றாகப் படுத்துக்கொண்டு, ஏறுகிறவர்களின் கணுக்காலில் வெதுவெதுவென்று பட்டன. அலமாரிக்குள் புகுந்தவை சட்டைகளின் மார்பைப் புடைக்கவைத்தன. ஒரு வாரம் பார்த்துவிட்டு மனைவி, "சோறா கேக்குது, துணியா கேக்குது? இருந்துட்டுப் போகட்டும். லைட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். ஒலிப்பதிவாளனால் அப்படி விட முடியவில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று அவனுக்குத்தானே தெரியும்.

தொழிலில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். பாடுகிறவர்கள் வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு இழுக்கும் சத்தத்தை அவன் அளவுக்குச் சுத்தமாக வெட்டி எடுக்க ஆள் கிடையாது. அவன் கைபட்ட பாட்டைக் கேட்டால் பாடுகிறவருக்கு நுரையீரலே இல்லையோ என்று தோன்றும். அதையே பாராட்டாகவும் சொல்வார்கள். ராக் பாடகனோடு மட்டும் இதில் இருபது வருடச் சண்டை. "மூச்சுல கை வெச்சே, உன் கையை ஒடிச்சுடுவேன்டா கத்திரி" என்பான் பாடகன். இவனும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவான். பிறகு ஒன்பது பாட்டை அரைகுறையாகப் பதிவு செய்து வைத்துவிட்டு, ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான் பாடகன். இசைத்தட்டுக் கம்பெனி மேலாளர் ஒலிநாடாக்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "அவரு உசுரோட இருந்தா எப்படி முடிச்சிருப்பாரோ, அப்படி முடிச்சுக் குடுங்க. உங்களைவிட அவரை யாருக்குத் தெரியும்?" என்றார். செத்தவர்களின் பாட்டில் கைவைக்கும் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வதுதான் இது. கத்திரிக்கும் அது போதுமானதாக இருந்தது. டிரம்ஸ் சேர்த்தான், சுருதி விலகின இடங்களை இழுத்து நேராக்கினான், தடுக்க ஆள் இல்லாததால் மூச்சுகளையும் வெட்டினான். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஒன்பதாவது பாட்டில் செய்த காரியம் வேறு.

அது பாடகன் தன் அக்காவுக்காக எழுதிய பாட்டு. அம்மா சாகக் கிடந்தபோது அவன் வெளியூர் மேடைகளில் பாடிக்கொண்டிருந்தான். அக்கா அவனுக்குத் தகவல் சொல்லவில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள். அவனுக்கென்ன, பாட்டும் கூத்துமாகத் திரிகிறான் என்ற கோபம். எல்லாம் முடிந்தபிறகு வந்தவன் வாசலிலேயே நின்று விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனான். அவன் சாகும்வரை ஏழு வருடம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பாட்டின் கடைசி வரி, "அக்கா, உன்ன நான்" என்று வந்து நிற்கிறது. நீளமாக ஒரு மூச்சு இழுக்கிறான். கிட்டார் நின்றுபோகிறது. "இரு, இது இன்னும் வரல. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறான். மறுநாள்தான் அவன் பல் தேய்த்தது.

பாதியில் நிற்கும் பாட்டு வேண்டாம் என்றார் மேலாளர். கத்திரி இரண்டு நாள் யோசித்தான். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தான், அதுதான் அவனை இன்றுவரை அரிக்கிறது. ஒரு பாட்டிலிருந்த 'மன்னன்' என்ற சொல்லின் தலையையும், இன்னொன்றிலிருந்த 'தனிச்சு' என்பதன் நடுவையும், மூன்றாவதிலிருந்த 'நெனச்சேன்' என்பதன் வாலையும் நறுக்கி ஒட்டி, செத்தவனை "மன்னிச்சேன்" என்று பாடவைத்தான். நடுவில் இருந்த நீள மூச்சைத் தூக்கிவிட்டான். ஒட்டின இடம் கொஞ்சமும் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டான்.

இசைத்தட்டு வெளிவந்ததும் அந்த ஒரு சொல்லுக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டார்கள். சொத்து வழக்குகள் குறைந்துபோனதாக வக்கீல்கள் புலம்பினார்கள். பாகம் பிரிந்த ஒரு வீட்டின் நடுச்சுவர், அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் ஒரு வரிசை செங்கல் இறங்கிக்கொண்டே வந்து, மூன்றாம் மாதம் தரையோடு தரையானது. அக்கா ஸ்டூடியோவுக்கே தேடி வந்து கத்திரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எட்டு வருஷமா நெஞ்சுல கல்லு, தம்பி. நீங்க இறக்கி வெச்சுட்டீங்க" என்று அழுதாள். கத்திரி அவளுக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தான். மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

வீட்டுக்கு வந்த மூச்சுகளில் இருநூற்றுப் பத்து, எல்லா மூச்சுகளையும்போல உள்ளே போய் வெளியே வந்தன. அந்த நீள மூச்சு மட்டும் மாடியில் தெருப்பக்கத்து அறையைப் பிடித்துக்கொண்டு, இழுத்தது இழுத்தபடியே நின்றது. ஜன்னல் திரை காற்றில்லாத நாளிலும் உள்பக்கம் உப்பியே இருந்தது. காலண்டர் தாள்கள் சுவரை விட்டு எழுந்து நின்றன. கதவைத் திறந்தால் காது அடைத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்த ஒருவன் எதிரில் நிற்பதுபோலவே இருக்கும், ஆனால் சொல்லமாட்டான். கத்திரி அதன்பிறகு யாருடைய மூச்சையும் வெட்டவில்லை. பாட்டு வேலைகள் கைவிட்டுப் போய், ரயில் நிலைய அறிவிப்புகளைப் பதிவு செய்து பிழைத்தான். அந்தப் பக்கத்து ரயில்களின் வருகையை மூச்சு வாங்க வாங்க ஒரு பெண் அறிவிப்பது இதனால்தான். உண்ட சோறு அவன் உடம்பில் ஒட்டவில்லை.

ஆறாவது வருடம் மனைவி பொறுமை இழந்தாள். "அவர் அக்காகிட்டப் போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா அந்தம்மா உடைஞ்சுடும்."

"சொல்லலேன்னா நீங்க உடைஞ்சுடுவீங்க. அந்தம்மாவோட வாழ்க்கையை அந்தம்மா பாத்துக்கட்டும். அதையுமா நீங்க வெட்டி ஒட்டணும்?"

கத்திரி அக்காவை வீட்டுக்கு அழைத்துவந்து, மாடி அறையில் உட்காரவைத்து, கைபடாத ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினான். அவள் இரண்டு தடவை கேட்டாள்.

"அப்ப அவன் என்னை மன்னிக்கல."

"தெரியலக்கா. அவன் சொல்லல, அவ்வளவுதான் தெரியும். அந்தச் சொல்லு நான் வெச்சது."

அறைந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உப்பிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், கேக்கணும்னே அத்தனை வருஷமும் நினைச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. செத்தப்புறமாவது படத்துக்கு முன்னாடி நின்னு கேட்டிருப்பேன். இந்தப் பாட்டு வந்துது. அதான் மன்னிச்சுட்டானேன்னு நான் கேக்கவே இல்ல. நீங்க என்னைக் கேக்க விடல." ஆறு வருடமாகக் கத்திரி எந்தக் குற்றத்துக்காக வெந்துகொண்டிருந்தானோ, அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அக்கா நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொல்லியிருக்கணும்டா. அம்மா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. கோவத்துல நான்தான் சொல்லல. என்னை மன்னிச்சுடு" என்றாள். அந்த நீள மூச்சு இழுத்தபடியே நின்றது. சாயங்காலம்வரை பார்த்துவிட்டு எழுந்தாள். படியிறங்கும்போது கத்திரி பின்னாலேயே போய், "நீங்களாவது என்னை மன்னிச்சுடுங்கக்கா" என்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரும்போது வரட்டும். நடுவுல நீங்களா எதையும் போட்டு நிரப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாட்டைத் திருத்த முடியாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. இசைத்தட்டு இன்னும் ஓடுகிறது, சுவர்களும் அங்கங்கே இறங்குகின்றன. அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து தம்பியின் பதிலுக்காக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். கதவோரம் இன்னொரு நாற்காலியில் அக்காவின் பதிலுக்காகக் கத்திரி உட்கார்ந்திருக்கிறான். திரை நைந்துபோனதால் போன மாதம் புதிது தைக்கக் கொடுத்தார்கள். தையல்காரர் வீட்டுக்கு வந்து, உப்பலுக்கும் சேர்த்து அளவெடுத்துக்கொண்டு போனார்.