ஹார்லனின் கை

லாயிட் சுட்டதும் வெர்னாவின் கன்னத்தில் சுருக்கென்று ஏதோ தைத்தது. வேலிக்கம்பத்தின் மேல் வைத்த பீன்ஸ் டப்பா அசையவே இல்லை.

தூக்கத்திலேயே போய்விட்ட அண்ணன் ஹார்லனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, அவருடைய ரிவால்வரால் அவருக்கு மரியாதை செய்தாக வேண்டுமென்று லாயிட் பிடிவாதம் பிடித்திருந்தான். வயோமிங் காற்றில் கறுப்புக் கோட்டு படபடக்க மறுபடி சுட்டான். மறுபடியும் தவறியது.

"அட சனியனே! கண்ணு கலங்கிக் கெடக்கு அண்ணி, அதான்" என்று திரும்பியவன் பதறிப்போனான். "அய்யோ, ரத்தம் வருது!"

வெர்னா கன்னத்தைத் தடவினாள். விரலில் ஈயத் துணுக்கு ஒட்டியிருந்தது. ஊரார் துப்பாக்கியெல்லாம் பழுது பார்ப்பவள். அது எங்கிருந்து தெறிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கொடு இங்க."

பட்டறையில் மிச்சக் குண்டுகளைக் கழற்றிவிட்டு, ரிவால்வரின் பின்பக்கச் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். குண்டு போடும் அறைகள் கொண்ட உருளை சுழன்று வந்து, ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு அறைகளில் பூட்டாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. குழல் வழியே அளவுக்கம்பியை விட்டாள்; அந்த அறைகளின் விளிம்பில் இடித்தது. குண்டு குழலுக்குள் நேராக நுழையாமல், ஓரம் சீவப்பட்டுத் துணுக்கு வெளியே தெறித்திருக்கிறது. உருளையைத் தள்ளும் சின்ன இரும்பு நாக்குதான் தேய்ந்திருந்தது. சரிசெய்ய ஒரு மதியம் போதும்.

"என்ன அண்ணி?"

"துப்பாக்கிலதான் கோளாறு."

"அப்போ... போன வருஷம் சுடுற போட்டில அண்ணன் தோத்தது?"

அவள் அளவுக்கம்பியை உருவி வைத்தாள்.

"கிழவனுக்குக் கை ஆடுதுன்னு எல்லார் முன்னாடியும் கத்துனேனே, பாவி!"

"நீ மட்டுமா? நானுந்தான் சிரிச்சேன்."

அன்றிலிருந்து ஹார்லன் துப்பாக்கியைத் தொடவில்லை. "என் கை போயிடுச்சு, வெர்னா" என்றார். வேறு யார் வந்து அப்படிச் சொன்னாலும் முதலில் துப்பாக்கியை வாங்கிப் பார்ப்பவள், புருஷன் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிட்டாள். கொட்டிவிடுவாரே என்று அதற்கப்புறம் அவருக்குப் பாதிக் கோப்பைக் காப்பிதான். அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை.

வீட்டுக்குள் சர்ச் பெண்கள் துக்கத்துக்கு வந்தவர்களுக்காகப் பன்றித்தொடைக் கறியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்னா கையைக் கழுவிக்கொண்டு வந்து, கொக்கியில் தொங்கிய ஹார்லனின் கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். காப்பியை விளிம்பு வரை ஊற்றினாள்.

"இது யாருக்கும்மா? தூக்குனா சிந்திடுமே" என்றாள் ஒருத்தி.

"சிந்தாது" என்றாள் வெர்னா.