பச்சை விளக்குக்குப் பிடித்த குரல்

அவன் காதலித்தவளுடைய அப்பா போட்டது ஒரே நிபந்தனை. "எங்க மொழில எங்கிட்ட நேரா வந்து பொண்ணு கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்த மொழியைப் பேசுகிறவர்கள் எல்லோரையும் ஒரு சின்ன ஊருக்குள் அடக்கிவிடலாம். கற்றுக்கொள்ளப் புத்தகம் கிடையாது, வகுப்பு கிடையாது. அவனோ புரோகிராமர். காதலுக்காகக் கடலைத் தாண்டு என்றால் யோசித்திருப்பான். மென்பொருள் எழுது என்றதும் அன்றே உட்கார்ந்துவிட்டான். திரையில் வாக்கியம் வரும், சொல்லிக்காட்ட வேண்டும். மாதிரிக் குரலோடு ஒத்துப்போனால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு.

மாதிரிக் குரலுக்கு அவளுடைய அம்மாதான் கிடைத்தாள். சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்து, அம்மா சொல்லச் சொல்லப் பதிவுசெய்து அனுப்பினாள் மகள்.

முதல் பாடம், "நலமா?" இதமாகச் சொன்னான். சிவப்பு. குழைந்தான். சிவப்பு. பொறுமை போய், மேசையைத் தட்டி வள்ளென்று விழுந்தான். பச்சை!

"உங்க மொழியே இப்படித்தானா?" என்று அவளைப் போனில் கேட்டான்.

"எப்படி?"

"கொஞ்சம்... வீரமா."

"பின்ன? எங்க மொழியைப் பத்தி என்ன நினைச்ச!" என்றாள் பெருமையாக.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டத் தட்ட, எல்லாப் பாடமும் பச்சையாகும்வரை பழகினான்.

பெண் கேட்கும் நாளும் வந்தது. அப்பா சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, "நலமா?" என்று அதட்டினான். பேப்பர் நழுவியது. "உங்கள் மகளை எனக்குக் கல்யாணம் செய்து கொடுங்கள்!" அவர்கள் மொழியில், ஓர் எழுத்துப் பிசகாமல், வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவனைப்போலக் கர்ஜித்தான்.

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "ஏன்டி, இந்தப் புள்ள என்னை மாதிரியே கத்துது?"

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்பாவுக்குக் காது மந்தம்னு நீ எதையும் கத்தித்தானேம்மா சொல்லுவ? பழகிப்போய் பதிவுலயும் கத்தியிருக்க. நமக்கு அது உறைக்கவே இல்ல."

அவனுக்குக் காதுமடல்வரை சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணால் செருப்பைத் தேடினான்.

"இரு தம்பி." அப்பா எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். "இந்த வீட்டுக்கு வர்றவன் எல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுத்துட்டுப் போறான். நீ சொன்னதுதான்யா எனக்கு முழுசாக் கேட்டுச்சு." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "என்ன முழிக்கிற? மாப்பிள்ளைக்குக் காப்பி போடு" என்றார்.

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் குரலே எழும்பவில்லை. "அப்ப சம்மதம்தானே?" என்றாள், மெதுவாக.

"என்னது?"

அம்மா அவனைப் பார்த்தாள். "மாப்பிள்ளை, நீங்களே கேட்டுச் சொல்லுங்க."